பாலும் கோதுமையும் என்ன பாவம் செய்தன?

கொச்சியின் மேற்குப் பக்கம், தோப்பும்படிக்கும் இடக்கொச்சிக்கும் நடுவில் இருக்கிறது பள்ளுருத்தி. இங்கே கோதுமையைத் தொடாமலே மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிடலாம். காலையில் புட்டு, இடியப்பம், பாலப்பம் எதுவானாலும் அரிசிதான். மத்தியானம் மட்டை அரிசிச் சோறும் குடம்புளி போட்ட மத்திக் கறியும். சாயங்காலம் வேகவைத்த கப்பையோ ஏத்தப்பழமோ. கறிக்குத் தேங்காய்ப்பால் இருப்பதால் பசும்பாலுக்கு டீயைத் தவிர அதிக வேலை இல்லை. மேல்நாட்டு அங்காடிகளில் ‘க்ளூட்டன் அற்றது, கேசீன் அற்றது’, அதாவது கோதுமைப் புரதமும் பால் புரதமும் இல்லாதது, என்று தனி அலமாரியில் கூடுதல் விலைக்கு விற்கிற உணவு, இந்தக் கரையில் பாட்டி காலத்துச் சமையல்.

அதனால், குழந்தைக்கு ஆட்டிசம் என்று தெரிந்த வீட்டில் வந்து, “கோதுமையையும் பாலையும் நிறுத்திப் பாருங்களேன், எங்கள் சொந்தத்தில் ஒரு பையனுக்கு நல்ல மாற்றம் தெரிந்தது” என்று யாராவது சொன்னால் மறுக்கத் தோன்றாது. மருந்து இல்லை, ஊசி இல்லை, வெறும் பத்தியம். செய்து பார்ப்பதில் என்ன நஷ்டம்?

இறங்கிய பிறகுதான் சிக்கல் தெரியும். வீட்டில் எல்லோரும் அரிசி சாப்பிடுகிறவர்கள். பல வீடுகளில் அந்த ஒரு குழந்தை மட்டும் விதிவிலக்கு. அது வாயில் வைப்பது குறிப்பிட்ட ஒரு பிஸ்கட், ஓரம் நறுக்கிய ரொட்டி, எப்போதும் அதே டம்ளரில் பால், எதையும் தொட்டுக்கொள்ளாத வெறும் பரோட்டா என்று விரல்விட்டு எண்ணக்கூடிய பண்டங்களைத்தான். பத்தியம் பறிக்கச் சொல்வது கிட்டத்தட்ட அந்தப் பட்டியல் முழுவதையும்.

உணவு ஆட்டிசத்தை வளர்க்கிறதா, ஆட்டிசம் தனக்கு வேண்டிய உணவைத் தேடிக்கொள்கிறதா? இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே தெரியும். எது எதற்குக் காரணம் என்று பிரித்தறிய அறிவியலுக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

உணவு மூளையைக் காப்பாற்றிய கதை

பத்தியத்தால் மூளை மாறும் என்பது அபத்தமான எண்ணம் அல்ல. ஒரு நோயில் அது அப்படியே நடந்திருக்கிறது.

1934-ல் நார்வேயின் ஆஸ்லோ நகரில் ஓர் அம்மா தன் இரண்டு குழந்தைகளையும் ஆஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவரிடம் அழைத்துப் போனார். இருவருக்கும் மன வளர்ச்சி இல்லை. இருவர் மேலும் ஒரு விசித்திரமான வாடை வீசியது. ஃபோலிங் வேதியியலும் படித்தவர். குழந்தைகளின் சிறுநீரில் ஃபெர்ரிக் குளோரைடு விட்டபோது அது பச்சையாக மாறியது. உணவுப் புரதத்தில் இருக்கும் ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தை உடைக்க முடியாமல், அது உடம்பில் தேங்கி மூளையைக் கெடுக்கிறது என்று பிற்பாடு தெளிவாயிற்று. நோய்க்கு ஃபினைல்கீட்டோனூரியா என்று பெயர் வந்தது.

1950-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் குழந்தைகள் மருத்துவமனையில் ஹோர்ஸ்ட் பிக்கலும் அவருடைய சகாக்களும் இதே நோயுள்ள இரண்டு வயதுச் சிறுமிக்கு அந்த அமினோ அமிலத்தை மட்டும் வடிகட்டிய உணவைத் தயாரித்தார்கள். நிற்கவோ பேசவோ முடியாமல் தலையை மோதிக்கொண்டு அழுதுகொண்டிருந்த குழந்தை, சில மாதங்களில் தவழ்ந்தாள், நிற்க முயன்றாள், கண்ணில் தெளிவு வந்தது, மோதுவது நின்றது. மருத்துவர்கள் அதோடு திருப்தி அடையவில்லை. முன்னேற்றம் உணவால்தானா, வெறும் வளர்ச்சியாலா, அம்மாவின் ஆசையாலா? அம்மாவுக்கே தெரியாமல் அந்த உணவில் ஃபினைல்அலனினை மறுபடி கலந்தார்கள். குழந்தையின் நிலை சட்டென்று சரிந்தது. சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் போயிற்று. இன்று அந்தச் செயலை எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது. ஆனாலும் ‘உண்பது எது என்று பார்ப்பவருக்குத் தெரியக்கூடாது’ என்ற விதிக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மூளையைக் காப்பாற்றிய அந்த முதல் பத்திய உணவை எதிலிருந்து தயாரித்தார்கள் தெரியுமா? பாலின் புரதமான கேசீனை அமிலத்தில் சிதைத்து, கரித்தூளில் வடிகட்டி.

அழகான ஒரு கோட்பாடு

பாலும் கோதுமையும் ஆட்டிசத்துக்காகக் குற்றவாளிக் கூண்டில் ஏறியது 1979-ல். அந்த ஆண்டு இரண்டு கண்டுபிடிப்புகள் அடுத்தடுத்து வந்தன. கேசீன் செரிக்கும்போது உடையும் துண்டுகளில் ஒன்று, ஏழே அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சிறு சங்கிலி, மூளையில் அபினிப் பொருள்கள் போய் ஒட்டுகிற அதே ஏற்பிகளில் ஒட்டக்கூடியது என்று ஜெர்மனியில் கண்டார்கள். அதற்குக் கேசோமார்ஃபின் என்று பெயரிட்டார்கள். கோதுமையின் க்ளூட்டனிலிருந்தும் இதேபோன்ற துண்டுகள் வருவதாக அமெரிக்காவில் கண்டார்கள். தாயைப் பிரிந்த நாய்க்குட்டிக்கும் கோழிக்குஞ்சுக்கும் சிறிதளவு மார்ஃபின் கொடுத்தால் அவை கத்துவதை நிறுத்துகின்றன, துணை தேடுவதில்லை என்று ஏற்கெனவே பார்த்திருந்தவர் ஜாக் பான்க்செப். அதே 1979-ல் அவர் கேட்டார்: ஆட்டிசக் குழந்தை தனக்குள் ஒதுங்குவதும் இப்படிப்பட்ட ஒரு மிகுதியால்தானோ?

நார்வேயின் கால் ரைக்கெல்ட்டும் இங்கிலாந்தின் பால் ஷாட்டக்கும் இந்த இழைகளை ஒன்றாகப் பின்னினார்கள். குடலில் கசிவு, அதன் வழியே ரத்தத்தில் கலக்கும் பால், கோதுமைத் துண்டுகள், அவை மூளையை மயக்குவதால் வரும் ஒதுக்கம். குழந்தை ரொட்டியையும் பாலையும் விடாமல் கேட்பதுகூட ‘போதைக்கு அடிமையானதன் அடையாளம்’ ஆயிற்று. கோட்பாடு அவ்வளவு கச்சிதம். கேட்ட எந்தப் பெற்றோருக்கும் தன் வீட்டு மேசையே கண்முன் வந்திருக்கும்.

கோட்பாடு சரியென்றால் அந்தத் துண்டுகள் சிறுநீரில் தென்பட வேண்டும். லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனைக் குழு ஆட்டிசம் உள்ள 65 சிறுவர்களின் சிறுநீரையும் மற்ற 158 குழந்தைகளின் சிறுநீரையும் நுட்பமான கருவிகளில் சோதித்து 2008-ல் முடிவை வெளியிட்டது. அபினி போன்ற அந்தத் துண்டுகள் யாரிடமும் தென்படவில்லை.

பத்தியத்தையே நேராகச் சோதித்தவர்கள் அமெரிக்காவின் ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் சூசன் ஹைமனும் அவருடைய குழுவும். மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள். உணவியல் நிபுணர் கண்காணிப்பில் முதலில் சில வாரம் கண்டிப்பான பத்தியம். பிறகு வாரம் ஒருமுறை ஒரு சிற்றுண்டி. சில வாரம் அதில் கோதுமை, சில வாரம் பால், சில வாரம் இரண்டும், சில வாரம் எதுவும் இல்லை. பார்வையிலும் ருசியிலும் வித்தியாசம் தெரியாது. பெற்றோருக்கும் தெரியாது, ஆசிரியருக்கும் தெரியாது, குறிப்பெடுக்கிறவருக்கும் தெரியாது. கடைசிவரை நின்ற 14 குழந்தைகளில் நடத்தையிலோ தூக்கத்திலோ மலம் கழிப்பதிலோ கோதுமையும் பாலும் எந்த மாற்றத்தையும் காட்டவில்லை. 2016-ல் வெளியான இந்த ஆய்வு சிறியதுதான். ஆனால் இதைப்போல் கண்ணைக் கட்டிச் செய்த மற்ற ஆய்வுகளும் இதே பக்கம்தான் சாய்ந்தன. முன்னேற்றம் சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலானவற்றில், குழந்தை என்ன சாப்பிடுகிறது என்று பெற்றோருக்குத் தெரிந்திருந்தது.

பெற்றோர் கண்டது பொய்யா?

பொய் இல்லை. அதைப் புரிந்துகொள்ள செக்ரெட்டின் கதை உதவும். செக்ரெட்டின் என்பது கணையத்தைச் சுரக்கவைக்கும் ஒரு குடல் ஹார்மோன். 1998-ல் மூன்று ஆட்டிசக் குழந்தைகள் அதைச் செலுத்திய பிறகு பேச்சிலும் கண்ணைப் பார்த்துப் பழகுவதிலும் முன்னேறியதாக அறிக்கை வந்தது. தொலைக்காட்சியிலும் செய்தி வந்ததும் அமெரிக்கப் பெற்றோர் அந்த மருந்தைத் தேடி அலைந்தார்கள். 1999 டிசம்பரில் அட்ரியன் சாண்ட்லரும் சகாக்களும் 60 குழந்தைகளைக் கொண்டு செய்த ஆய்வின் முடிவு வெளியானது. பாதிப்பேருக்கு ஒரு வேளை செக்ரெட்டின், பாதிப்பேருக்கு உப்புநீர். இரண்டு குழுவும் முன்னேறின, ஏறத்தாழ ஒரே அளவில். முடிவைச் சொன்ன பிறகும், 69 விழுக்காடு பெற்றோர் தங்கள் குழந்தைக்குச் செக்ரெட்டின் கொடுக்கும் ஆர்வம் குறையவில்லை என்றார்கள்.

உப்புநீரில் எப்படி முன்னேற்றம்? ஆட்டிசக் குழந்தையும் வளர்கிற குழந்தைதான். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றுவிட்டு ஒரு வாரத்தில் நாலு புதுச் சொல் பேசும். நிலைமை மிகவும் மோசமான நாளில்தான் புதிய சிகிச்சையைத் தேடிப் போவோம். மோசமான நாளுக்கு அடுத்து வருவது பெரும்பாலும் கொஞ்சம் தேவலையான நாள். அதோடு, நம்பிக்கையோடு பார்க்கிற கண்ணுக்கு நேற்றுவரை தவறவிட்ட ஒரு புன்னகை இன்று தெரிகிறது.

வேறொரு வழியிலும் பெற்றோர் சரியாக இருக்கலாம். 1981-ல் வெளியான ஓர் ஆய்வு, தென்னிந்தியர்களில் மூன்றில் இரண்டு பேருக்குப் பால் சர்க்கரையைச் செரிக்கும் திறன் குறைவு என்று சொன்னது. பால்குடி மறந்த பிறகு, சிறு வயதிலேயே அந்தத் திறன் தேயத் தொடங்குகிறது. வயிறு உப்பி வலித்தாலும் ‘வலிக்கிறது’ என்று சொல்லத் தெரியாத குழந்தை கத்தும், கையைக் கடிக்கும், ராத்திரி தூங்காது. ஆட்டிசக் குழந்தைகளிடம் மலச்சிக்கலும் சகஜம். அப்படிப்பட்ட குழந்தைக்குப் பாலை நிறுத்தியதும் வீட்டில் அமைதி வந்தால் அது உண்மையான மாற்றம். செருப்புக்குள் கிடந்த கல்லை எடுத்ததும் நடை சீராவதுபோல. கால் அதே கால்தான். அதனால் குழந்தை மருத்துவர் வயிற்றைத் தனியாகப் பரிசோதித்து, மலச்சிக்கலை மலச்சிக்கலாகவும் பால் செரியாமையைப் பால் செரியாமையாகவும் கவனிக்க வேண்டும். எதையும் ‘ஆட்டிசத்தோடு வருவதுதான்’ என்று தள்ளிவிடக் கூடாது.

கோதுமைக்கும் அப்படி ஒரு நோய் உண்டு. க்ளூட்டன் பட்டால் குடலின் உள்சுவர் சிதையும் சீலியக் நோய். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ராமகிருஷ்ணா தலைமையில் 23,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களைச் சோதித்து 2016-ல் வெளியிட்ட ஆய்வில், வட இந்தியாவில் ஆயிரத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் இருந்த இந்த நோய், தெற்கே பத்தாயிரத்துக்கு ஒருவர் என்ற அளவில்தான் இருந்தது. வடக்கே ஒருவர் ஒரு நாளில் சாப்பிட்ட கோதுமை சராசரி 455 கிராம். தெற்கே 25 கிராம். சோறு தின்கிற இந்தக் கரையிலும் ஆட்டிசம் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் கோதுமை மேல் சுமத்திய குற்றம் இன்னும் பலவீனமாகிறது.

அம்பு எந்தப் பக்கம்?

ஆட்டிசத்தை விரிவாக வர்ணித்த முன்னோடியான லியோ கானர், 1943-ல் எழுதியது 11 குழந்தைகளைப் பற்றி. அவர்களில் ஆறு பேருக்குப் பிறந்ததிலிருந்தே உணவு பெரும் போராட்டம் என்று அப்போதே குறித்துவைத்தார். முதல் குழந்தையான, மிஸிஸிப்பி மாநிலத்து டொனால்ட், மற்ற பிள்ளைகள் மிட்டாயும் ஐஸ்கிரீமும் தின்பதைப் பார்த்துக்கூட ஆசைப்பட்டதில்லை. வெளியுலகம் குழந்தைக்குள் நுழைகிற முதல் வழி உணவு, உலகத்தை வெளியிலேயே நிறுத்த நினைக்கிற குழந்தை அந்த வாசலைத்தான் முதலில் சாத்தும் என்பது கானரின் எண்ணம். டொனால்ட் டிரிப்லெட் 89 வயதுவரை வாழ்ந்து 2023-ல் காலமானார். அந்தக் குறிப்பை எண்ணிக்கையாக மாற்ற அவர் ஆயுளில் பெரும்பகுதி தேவைப்பட்டது. 2019-ல் வெளியான பென்சில்வேனிய ஆய்வொன்றில், ஆட்டிசக் குழந்தைகளில் 70 விழுக்காட்டினரிடம் வழக்கத்துக்கு மாறான உண்ணும் பழக்கம் இருந்தது. இயல்பாக வளரும் குழந்தைகளில் 5 விழுக்காட்டுக்கும் கீழே.

ஏன் பிஸ்கட்? ஒரு பாக்கெட்டின் முதல் பிஸ்கட்டும் கடைசி பிஸ்கட்டும் ஒன்றுதான். அதே வட்டம், அதே நிறம், கடித்தால் அதே சத்தம், அதே இனிப்பு. மத்திக் கறி அப்படியா? நேற்று வைத்த கறி இன்று புளிப்பேறி இருக்கும். அதுதான் ருசி என்பார்கள் பெரியவர்கள். ஒரு கவளத்தில் முள், அடுத்ததில் கறிவேப்பிலை. புட்டு வாயில் உதிரும், தேங்காய்ப்பூ பல்லிடுக்கில் மாட்டும். அப்பத்தின் நடு பஞ்சுபோல, ஓரம் மொறுமொறு. ஒரே பண்டத்துக்குள் இரண்டு பண்டம். வாசனையும் தொடு உணர்வும் சத்தமும் நம்மைவிடப் பல மடங்கு உறைக்கிற ஒரு குழந்தைக்கு, நாம் கொண்டாடுகிற இந்த வகைவகையே எதிரி. அது தேடுவது போதையை அல்ல, ஏமாற்றாத உணவை. தொழிற்சாலையில் செய்கிற ஏமாற்றாத உணவு பெரும்பாலும் மைதாவிலும் பாலிலும்தான் வருகிறது.

குடல் நுண்ணுயிர்க் கதையும் இப்படியே திரும்பியது. ஆட்டிசக் குழந்தைகளின் குடலில் நுண்ணுயிர் வகைகள் குறைவு என்று பல ஆய்வுகள் சொன்னதும், அதுதான் காரணம் என்று எழுதினார்கள். ஆஸ்திரேலியாவில் 247 குழந்தைகளின் மலத்தையும் உணவையும் மரபணுவையும் சேர்த்துப் பார்த்த குழு 2021-ல் வேறு வரிசையைச் சொன்னது. ஆட்டிசக் குணங்கள் உணவைச் சுருக்குகின்றன, சுருங்கிய உணவு நுண்ணுயிர் வகைகளைக் குறைக்கிறது. ஆட்டிசத்தின் வேர் பெருமளவு மரபணுவில் இருக்கிறது. ஐந்து நாடுகளில் 20 லட்சம் பேரின் பதிவுகளை அலசி 2019-ல் வெளியான ஆய்வு, அந்தப் பங்கை 80 விழுக்காடு என்று மதிப்பிட்டது.

காரணத்தைச் சுட்டும் அம்பின் திசை மாறினால் பெற்றோர் செய்ய வேண்டியதும் மாறுகிறது. ஏற்கெனவே குறுகிய தட்டிலிருந்து பாலை எடுத்தால் சுண்ணாம்புச் சத்து எங்கிருந்து வரும்? 2008-ல் அமெரிக்காவில் 75 ஆட்டிசச் சிறுவர்களின் கை எலும்பை அளந்தபோது, வயதுக்கு உரிய கனத்தைவிட அது குறைவாக இருந்தது. கேசீன் அற்ற உணவில் இருந்தவர்களிடம் குறைவு மேலும் அதிகம். பழமும் காயும் அறவே தொடாமல் வைட்டமின் சி இல்லாது ஸ்கர்வி நோய் வந்து, நடக்க மறுத்த குழந்தைகளை வேறு நோய்க்காரர்கள் என்று எண்ணிச் சோதித்த மருத்துவக் குறிப்புகளும் உண்டு.

எலும்புக்கு வெளியே இன்னொரு பாரமும் இருக்கிறது. 1960-களில், அம்மாவிடம் பாசம் இல்லாததால் குழந்தைக்கு ஆட்டிசம் வருகிறது என்று புரூனோ பெட்டல்ஹைம் போன்றோர் எழுதினார்கள். ஆட்டிசப் பிள்ளையின் அப்பாவான பெர்னார்ட் ரிம்லண்ட் 1964-ல் எழுதிய நூல் அந்தப் பழியை உடைத்தது. அதே ரிம்லண்டின் நிறுவனம் பின்னாளில் வைட்டமின்களையும் பத்தியத்தையும் பரப்பியது. அம்மாவின் மனசிலிருந்து இறங்கிய பழி அடுப்படிக்கு வந்து உட்கார்ந்தது. கல்யாண வீட்டில் யாரோ ஒரு துண்டு கேக் கொடுத்துவிட்டதால்தான் குழந்தை பின்வாங்கியது என்று தன்னையே நொந்துகொள்ளும் அம்மாக்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

எடுப்பதற்கு முன் சேர்ப்பது

உணவுப் பயிற்சியாளர்கள் செய்வது நேர்மாறான வேலை. குழந்தை ஏற்கெனவே நம்புகிற பண்டத்திலிருந்து அடுத்த பண்டத்துக்குச் சின்னப் படி போடுவது. வெள்ளை ரொட்டி பிடிக்கிறதா? ஓரம் நறுக்கிய பாலப்பத்தின் வெள்ளை நடுவை அதன் பக்கத்தில் வை. தின்னச் சொல்லாதே. முதலில் தட்டில் இருக்கட்டும், பிறகு தொடட்டும், முகரட்டும், நாக்கில் படட்டும். பல குழந்தைகள் பத்துப் பதினைந்து தடவை அறிமுகம் ஆன பிறகே புது உணவை ஏற்கின்றன. இந்தக் குழந்தைக்கு இன்னும் அதிகத் தடவை வேண்டும். அப்பம் ஒத்துப்போனால் அடுத்து இடியப்பம், அதற்கடுத்து இட்லி. பசியை வைத்து மடக்கலாம் என்ற பழைய யோசனை இங்கே ஆபத்து. சில குழந்தைகள் உண்மையிலேயே பட்டினி கிடந்துவிடும்.

பேச்சும் பழக்கமும் வளர, ஆதாரம் உள்ள வழிகள் வேறு இருக்கின்றன. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளோடு நடத்தி 2016-ல் வெளியான ஆய்வில், நிபுணர்கள் அல்லாத சாதாரணச் சுகாதாரப் பணியாளர்கள் பெற்றோருக்கு விளையாட்டு வழிப் பயிற்சி தந்தார்கள். குழந்தைகள் தாங்களாகப் பெற்றோரிடம் பேச்சும் விளையாட்டும் தொடங்குவது கூடியது. கொச்சிக்காரர்களுக்கு ரயில் தூரத்தில், இரிஞ்ஞாலக்குடா நிலையத்தை ஒட்டிய கல்லேற்றுங்கரையில், நிப்மர் என்ற அரசு மறுவாழ்வு நிறுவனம் இருக்கிறது. தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் மாவட்ட அளவிலும் ஆரம்ப நிலை இடையீட்டு மையங்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன.

இவ்வளவுக்குப் பிறகும் பத்தியத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று மனசு கேட்டால், பார்க்கலாம், முறையோடு. முதலில் ரத்தப் பரிசோதனையும் எடையும். கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே சீலியக் சோதனை செய்துவிட வேண்டும், நிறுத்திய பிறகு அந்தச் சோதனை பொய் சொல்லும். பாலையும் கோதுமையையும் ஒரே நாளில் எடுக்காமல் ஒவ்வொன்றாக, உணவியல் நிபுணர் சொல்லும் மாற்று உணவோடு. ஆறேழு வாரம் என்று கெடு வைத்துக்கொண்டு, குறிப்பெடுக்கிற வேலையைப் பத்தியம் பற்றிச் சொல்லப்படாத ஆசிரியையிடமோ தெரபிஸ்ட்டிடமோ விட்டுவிட வேண்டும். அவர் குறிப்பில் ஒன்றும் மாறவில்லை என்றால், பத்தியத்தை முடித்துக்கொள்ளலாம். குழந்தைக்கும் நஷ்டமில்லை, அம்மாவுக்கும் குற்றமில்லை. தனிச் சமையலில் போன அந்த ஒரு மணி நேரம், அடுத்த புதுப் பண்டத்தைத் தட்டோரம் வைத்துக் காத்திருக்க உதவும்.